தெரிஞ்ச பாட்டு தூங்க விடாது

அன்புள்ள சார்,

வயசு 52. ஒரு வருஷமா தூக்கம் சரியில்ல, முக்காவாசி நாள் படுத்து ஒரு மணி நேரம் புரண்டுக்கிட்டே இருக்கேன். மாத்திரை வேணாம்னு யூட்யூப்ல எண்பதுகள் சினிமா பாட்டையெல்லாம் புல்லாங்குழல்லயும் வீணையிலயும் வாசிச்சிருப்பாங்களே, அதை ஹெட்போன்ல போட்டுட்டுப் படுக்கிறேன். நாலு நாள் நல்லா இருந்துச்சு. இப்ப நடுராத்திரி முழிப்பு தட்டினா அதே பாட்டு தலைக்குள்ள ஓடுது. நீலாம்பரி ராகம் கேளுங்கன்னு மச்சினர் சொல்றார். இதெல்லாம் நிஜமாவே வேலை செய்யுமா, சும்மா மனப்பிராந்தியா?

– ஒரு வாசகர், ஈரோடு

அன்புள்ள நண்பருக்கு,

மனப்பிராந்தி இல்ல. மருத்துவ ஆய்வுகளை மொத்தமா சேர்த்து சலிச்சுப் பாக்கற காக்ரேன்னு ஒரு அமைப்பு இருக்கு, அவங்க 2022ல இதே விஷயத்துக்கு 13 ஆய்வுகளை எடுத்துப் பாத்தாங்க, ஆயிரம் பேருக்கு மேல. தினம் 25 நிமிஷத்துலேர்ந்து ஒரு மணி நேரம் வரைக்கும் பாட்டு கேட்டவங்களுக்கு தூக்கத்தோட தரம் நல்லாவே கூடியிருக்கு. அற்புதம்லாம் இல்ல, ஆனா காசு செலவில்லாத விஷயத்துக்கு இது ஜாஸ்தி.

உங்க சிக்கல் அந்த புல்லாங்குழல்லதான்னு நினைக்கிறேன். அமெரிக்காவுல பேலர் யுனிவர்சிட்டில 2021ல வெளியிட்ட ஒரு ஆய்வுல, ஆளுங்களை லேப்ல படுக்க வச்சு, படுக்கறதுக்கு முன்னாடி சில பேருக்கு ஹிட் பாட்டை அப்படியே போட்டாங்க, சில பேருக்கு அதே பாட்டை வரி இல்லாம வெறும் இசையா போட்டாங்க. வரி இல்லாம கேட்டவங்களுக்குத்தான் பாட்டு தலையில அதிகமா ஒட்டிக்கிச்சு, அப்படி ஒட்டிக்கிட்டவங்க தூங்க லேட்டாச்சு, நடுவுல முழிச்சாங்க, அதாவது உங்க கதையேதான். எனக்குத் தோணுறது, வாத்தியத்துல மெட்டு மட்டும் வந்தா வரியை நாமளே உள்ளுக்குள்ள பாடி நிரப்ப ஆரம்பிச்சுடறோம், பல்லவி முடிஞ்சா சரணம் வரைக்கும் விடறதில்ல. அதனால ரொம்பப் பிடிச்ச பாட்டு வேணாம், கொஞ்சம் போரடிக்கிற இசையா பாருங்க.

நீலாம்பரி தாராளமா கேளுங்க, தாலாட்டுக்குப் பேர் போன ராகம். ஆனா ராகத்தை விட வேகத்தைத்தான் நான் பாப்பேன். தைவான்ல 2005ல வெளிவந்த ஒரு ஆய்வுல, 60 வயசு தாண்டினவங்களுக்கு நிமிஷத்துக்கு 60லேர்ந்து 80 தாளத் தட்டு இருக்கற மெதுவான இசையா கொடுத்தாங்க, மேற்கத்திய இசையும் இருந்துச்சு சீன இசையும் இருந்துச்சு, பிடிச்சதை அவங்களே எடுத்துக்கலாம். தினம் ராத்திரி 45 நிமிஷம், மூணு வாரம். வாரா வாரம் தூக்கம் கூடிக்கிட்டே போச்சு. அதனால நாலு நாள்ல முடிவு பண்ணாதீங்க, தினம் பாட்டை மாத்தவும் மாத்தாதீங்க. நீங்க சங்கதி சங்கதியா ரசிக்கிற ஆளா இருந்தா மட்டும் கச்சேரி ரெக்கார்டிங் வேணாம், மிருதங்கக்காரர் தனியா வெளுத்து வாங்கற தனி ஆவர்த்தனம் வந்துச்சுன்னா எழுந்து உக்காந்துடுவீங்க!

ஆடியோ கதையும் வேணாம். ஹங்கேரில காலேஜ் பசங்களை வச்சு 2008ல பாத்தப்போ இசை கேட்டவங்க தூக்கம் தேறுச்சு, ஆடியோ புத்தகம் கேட்டவங்களுக்கு அந்த அளவுக்கு இல்ல. எங்க வீட்ல கதை போட்டா அத்தியாயம் முடியற வரைக்கும் ஒருத்தரும் கண்ணை மூடறதில்ல.

ஹெட்போனைக் கழட்டிட்டு சின்ன ஸ்பீக்கர்ல மெல்லமா வைங்க, டவுன்லோட் பண்ணி வைங்க (நடுவுல வர்ற விளம்பரச் சத்தத்துக்கு செத்தவனே எழுந்துருவான்), 45 நிமிஷத்துக்கு டைமர் போட்டு போனைத் தள்ளி வச்சிடுங்க. கேட்டும் தூக்கம் வரலைன்னா படுக்கையிலயே கிடக்காம எழுந்து வந்து, கண்ணு சொக்கினப்புறம் போய்ப் படுங்க.

இன்னொண்ணு. வாரத்துல மூணு ராத்திரி, மூணு மாசம் தாண்டினாலே அது டாக்டரைப் பாக்க வேண்டிய தூக்கமின்மை, உங்களுக்கு ஒரு வருஷம் ஆச்சு. டாக்டர்னா உடனே மாத்திரைன்னு பயப்படாதீங்க, தூக்கத்தைக் கெடுக்கற நினைப்பையும் பழக்கத்தையும் மாத்தறதுக்குன்னே சிபிடின்னு ஒரு பயிற்சி இருக்கு, அமெரிக்க மருத்துவர்கள் அமைப்பு 2016லயே முதல்ல அதைத்தான் கொடுக்கணும்னு சொல்லிடுச்சு. போறதுக்கு முன்னாடி வீட்ல அவங்ககிட்ட, நீங்க பெருசா குறட்டை விடறீங்களா, நடுவுல மூச்சு நிக்குதான்னு கேட்டுக்கோங்க. ஆமான்னா தூக்கத்துல மூச்சு தடைபடற கோளாறா இருக்கலாம், ஸ்லீப் டெஸ்ட் எடுக்கணும், அந்தக் கோளாறுக்கு எந்தப் பாட்டும் உதவாது.