வீட்டுக்குப் போகச் சொல்லப்பட்டவன்

அன்புள்ள அண்ணனுக்கு,

எனக்குச் சொந்த ஊர் பென்னாகரம் பக்கம். இப்போது ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. போன வாரம் ரூமில் எல்லோருக்கும் ஒரே நாளில் லீவு கிடைத்தது. ‘ஸ்டார் வார்ஸ்’ வரிசையில் 2002இல் வந்த ‘அட்டாக் ஆஃப் த க்ளோன்ஸ்’ படத்தைப் போட்டார்கள். அதில் ஒரு நைட் கிளப் காட்சி வருகிறது. ஜெடாய் என்ற, மனசக்தி கொண்ட வீரர் கூட்டத்தைச் சேர்ந்த ஓபி-வான் கெனோபி கவுண்டரில் நின்று குடித்துக்கொண்டிருக்கிறார். ஒருவன் பக்கத்தில் வந்து ‘டெத் ஸ்டிக் வேணுமா’ என்று கேட்கிறான். ஏதோ போதைப் பொருள் போல. ஓபி-வான் விரலை லேசாக அசைத்து, எனக்கு விற்க உனக்கு விருப்பமில்லை, வீட்டுக்குப் போய் உன் வாழ்க்கையைப் பற்றி யோசிக்க நினைக்கிறாய் என்கிறார். அவனும் அதையே திருப்பிச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறான்.

ரூமில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் சித்தப்பாவுக்குக் குடிப்பழக்கம் அதிகம். வீட்டில் எல்லோரும் சேர்ந்து முனியப்பன் கோயிலுக்குக் கூட்டிப்போய்க் கயிறு கட்டினோம். கொஞ்ச நாள் தொடாமல் இருந்தார். அப்புறம் ஒரு நாள் கயிற்றைத் தானே அறுத்துப் போட்டுவிட்டார். அந்த நினைப்பு வந்துவிட்டது.

அந்த ஆள் நிஜமாகவே வீட்டுக்குப் போயிருப்பானா? ஓபி-வான் செய்தது நல்ல காரியம்தானா? இவ்வளவு சின்னப் பாத்திரத்தைப் பற்றி இப்படி யோசிப்பது வெட்டி வேலை என்கிறார்கள் நண்பர்கள். உங்களிடம் கேட்கத் தோன்றியது.

இப்படிக்கு,
ஓசூரிலிருந்து ஒரு வாசகன்

*

அன்புள்ள தம்பிக்கு,

வெட்டி வேலை இல்லை. அந்தப் படத்தில் இழுவையான பகுதிகள் நிறைய உண்டு, காதல் காட்சிகளை என்னால் பொறுமையாகப் பார்க்கவே முடிந்ததில்லை. ஆனால் அரை நிமிடம்கூட நீடிக்காத இந்தத் துண்டை அதில் வரும் பெரிய போர்களைவிட முக்கியமாக நினைக்கிறேன். கதையின் முடிச்சே இங்கேதான் விழுகிறது.

அவனுக்கு ஒரு பெயர் உண்டு. எலன் ஸ்லீஸ்பகானோ. காட்சியில் யாரும் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நடித்தவர் மேட் டோரன் என்ற ஆஸ்திரேலிய நடிகர். 1999இல் வந்த ‘மேட்ரிக்ஸ்’ படத்தில் மவுஸ் என்ற இளைஞனாக வருவாரே, அவர்தான். அடுத்த முறை பார்க்கும்போது அந்தக் கூட்டத்தில் இன்னும் இரண்டு பேரைத் தேடிப் பாருங்கள். தங்க நிற ரோபோவான சி-த்ரீபிஓவின் உடைக்குள் இருந்து நடித்த ஆண்டனி டேனியல்ஸ், கம்ப்யூட்டர் உருவமான ஜார் ஜார் பிங்க்ஸுக்கு உடலும் குரலும் கொடுத்த அகமது பெஸ்ட். படங்களில் சொந்த முகம் காட்ட வாய்க்காத அந்த இருவரும் இந்த கிளப்பில் சாதாரண வாடிக்கையாளர்களாக, தங்கள் முகத்தோடு நிற்கிறார்கள். அந்தக் காட்சியை எடுத்தவர்களுக்கு, முகம் தெரியாமல் பின்னால் நிற்பவர்கள்மேல் ஒரு பிரியம் இருந்திருக்கிறது.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஓபி-வான் அவனிடம் இரண்டு வாக்கியம் சொல்கிறார். எனக்கு விற்க உனக்கு விருப்பமில்லை என்பது முதலாவது. அதோடு அவர் வேலை முடிந்தது. தொந்தரவு தீர்ந்தது, அவர் தேடி வந்த கொலைகாரிக்காகக் காத்திருக்கலாம். ஆனால் இரண்டாவதாக ஒன்று சொல்கிறார்: வீட்டுக்குப் போ, வாழ்க்கையை யோசி. இதில் அவருக்கு எந்த லாபமும் இல்லை. 1977இல் வந்த முதல் படத்தில் இதே ஓபி-வான், வயதானவராக, ஒரு சிப்பாயிடம், எதிரே நிற்பவன் மனசை மாற்றும் இதே வித்தையைச் செய்கிறார். அங்கே அவர் சொல்வது எல்லாமே தாங்கள் தப்பித்துப் போவதற்காக மட்டும்தான். அந்தச் சிப்பாயின் வாழ்க்கை பற்றி அவருக்குக் கவலை இல்லை. கிளப்பில் மட்டும்தான் எதிரே நிற்பவனுக்காக ஒரு வாக்கியம் கூடுதலாக வருகிறது. அது கருணைதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆனால் அந்தக் கருணை எப்படி வருகிறது என்று பாருங்கள். கையில் மது கிளாஸை வைத்துக்கொண்டு சொல்கிறார். அடுத்த சில நொடிகளில் பின்னால் துப்பாக்கியோடு வந்த அந்தக் கொலைகாரி ஸாம் வெஸலின் கையை வெட்டிச் சாய்க்கிறார். ஒருவனைத் திருத்தி அனுப்பிய கையே இன்னொருத்தியின் கையை எடுக்கிறது. கிளப்பில் ஒரு கணம் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள், ஜெடாய் விவகாரம், நீங்கள் குடியுங்கள் என்கிறான் சீடன் அனகின். குருவிடமிருந்து அவன் கற்றுக்கொள்வது இதைத்தான். நாம் நல்லவர்கள், நம்மிடம் சக்தி இருக்கிறது, ஆகவே மற்றவன் மனசுக்குள் போய் மாற்றி வைப்பதற்குக் கேட்டுக்கொள்ள வேண்டியதில்லை. பிற்காலத்தில் டார்த் வேடர் என்ற வில்லனாக மாறி அவன் செய்தது எல்லாம் இந்தப் பாடத்தின் நீட்சி என்று எனக்குத் தோன்றுகிறது.

அதே படத்தில் ஓபி-வான் காமினோ என்ற கிரகத்துக்குப் போகிறார். அங்கே ஜாங்கோ ஃபெட் என்ற கூலிக் கொலைகாரனை அச்சாக வைத்து ஒரு படையையே வளர்த்திருக்கிறார்கள். 2,00,000 பேர் தயார், இன்னும் 10 லட்சம் பேர் வந்துகொண்டிருக்கிறார்கள் என்கிறார்கள். பாதிக் காலத்திலேயே வளர்ந்துவிடுவார்கள், எந்த உத்தரவையும் கேள்வி கேட்காமல் செய்வார்கள், மூல மனிதனைவிடச் சுதந்திர எண்ணம் குறைவாக இருக்கும்படி மரபணுவிலேயே மாற்றிவிட்டோம் என்று பெருமையோடு சொல்கிறார்கள். ஓபி-வான் கேட்டுக்கொள்கிறார். படை கண்ணுக்கு முன்னால் நிற்கிறது, யார் ஆர்டர் கொடுத்தது என்பதுதான் அவர் கவலை. இவர்களுக்கு மனசு இருக்குமே என்று அவர் கேட்கவில்லை. படத்தின் முடிவில் ஜெடாய்கள் அந்தப் படையை வைத்தே போருக்குப் போகிறார்கள்.

2005இல் வந்த அடுத்த படத்தில் அதற்கான கணக்கு தீர்க்கப்படுகிறது. ஆர்டர் 66 என்று ஒரே ஒரு உத்தரவு வருகிறது. அதுவரை தோளோடு தோள் நின்ற சிப்பாய்கள் அப்படியே திரும்பி ஜெடாய்களைச் சுடுகிறார்கள். கொஞ்சம் முன்புதான் ஓபி-வானிடம் அவருடைய வாளை எடுத்துக் கொடுத்த தளபதி கோடி, அவரையே சுடச் சொல்கிறான். கோபமில்லை, பகையில்லை. சொன்னதைச் செய்கிறான், அவ்வளவுதான். அந்த இடத்தில் எனக்கு நைட் கிளப் ஆள்தான் ஞாபகத்துக்கு வந்தான். அவன் கண்ணில் தெரிந்த அதே வெறுமை.

நம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் 18 நாள் பாரதம் நடக்கும்போது பகலில் பாரதம் படிப்பார்கள், இரவில் கூத்து. சின்ன வயதிலிருந்தே அங்கே எனக்கு அர்ச்சுனனையும் பீமனையும்விட ஒரு சின்ன ஆளைத்தான் பிடிக்கும். சூதில் தருமன் தோற்றதும், பாஞ்சாலியைச் சபைக்கு அழைத்து வா என்று துரியோதனன் அனுப்புவானே ஒரு தேர்ப்பாகன், அவன். பாரதியும் பாஞ்சாலி சபதத்தில் அவனுக்கு இடம் கொடுத்திருக்கிறார். அவன் அரசனின் சம்பளக்காரன், எதிர்த்துப் பேசினால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை. போகிறான். ஆனால் அவள் கேட்ட கேள்வியைச் சுமந்துகொண்டு சபைக்குத் திரும்பி வருகிறான். தன்னைத் தோற்ற பிறகு என்னை வைத்து ஆட அவருக்கு ஏது உரிமை என்ற அந்தக் கேள்வி முதலில் சபைக்குள் வந்தது ஒரு வேலைக்காரன் வாய் வழியாகத்தான். அவளை இழுத்து வரும் வேலைக்குத் துச்சாதனன்தான் போகவேண்டியிருந்தது. அஸ்தினாபுரத்தில் அத்தனை பெரிய அதிகாரத்துக்குக் கீழேயும் அந்த எளியவனுக்குத் தயங்க ஒரு நொடி இருந்தது. கிளப்பில் நின்றவனுக்கு அந்த ஒரு நொடியும் கிடைக்கவில்லை.

மனவலிமை இல்லாதவர்களிடம்தான் இந்த வித்தை பலிக்கும் என்று 1977 படத்தில் ஓபி-வானே சொல்கிறார். 1999இல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் பழைய சாமான் வியாபாரி வாட்டோவிடம் இன்னொரு ஜெடாய் முயன்று தோற்றும் போகிறார். ஆக, படத்தின் பார்வையில் நம் ஆள் பலவீனன். எனக்கு அப்படிப் பார்க்க மனம் வரவில்லை. ராத்திரி கிளப்பில் ஆள் ஆளாகப் போய் ‘வேணுமா’ என்று கேட்கும் பிழைப்புக்கு ஒருவன் எதற்கு வந்தான் என்று நமக்குத் தெரியாது. கடனா, பயமா, வேறு வேலை கிடைக்காததா என்று ஓபி-வானும் கேட்கவில்லை.

வீட்டுக்குப் போயிருப்பானா என்று கேட்டீர்கள். போயிருப்பான். ஆனால் மறுநாள் காலையில் எழுந்து உட்கார்ந்து, நேற்று ஏன் சீக்கிரம் வந்தோம் என்று விழித்திருப்பான் என்றுதான் நினைக்கிறேன். முடிவு அவனிடம் இருக்கிறது, அந்த முடிவுக்கு வந்த வழி அவனிடம் இல்லை. சாயங்காலம் ஆனதும் கால் பழைய இடத்துக்கே இழுக்கும், அதைத் தடுக்க அவனுக்குள் ஒரு காரணம் வேண்டுமே. முதல் படத்தில் மதுக்கூடத்தில் உட்கார்ந்திருந்த விசித்திர உருவங்களுக்கெல்லாம் பிற்பாடு பெயர் வைத்து, 1995இல் அவர்களைப் பற்றி ஒரு சிறுகதைத் தொகுப்பே வெளியிட்டார்கள். அப்படி யாராவது இவன் திருந்தி நல்லபடி வாழ்ந்தான் என்று எழுதிக் காட்டினாலும் எனக்கு அது போதாது. அவன் தானாக ஒருநாள் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் மட்டும் நம்புவேன்.

கயிற்றையும் இந்த வித்தையையும் நான் ஒன்றாகப் பார்க்கவில்லை, தம்பி. சாமி முன்னால் நின்று ‘இனித் தொடமாட்டேன்’ என்று தன் வாயால் சொல்லிக் கையை நீட்டுகிறவரிடம் ஒரு சம்மதம் இருக்கிறது. உங்கள் கடிதத்தில் ‘எல்லோரும் சேர்ந்து கூட்டிப்போய்’ என்று இருக்கிறது. அவர் என்ன சொன்னார் என்பது இல்லை. அவர் அறுத்ததை உங்களுக்குச் செய்த துரோகமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒருமுறை விட முயன்ற ஆள் அவர்.

இன்னொன்றும் சொல்லவேண்டும், இது அவசரம். தினமும் நிறையக் குடிக்கிறவர் ஒரேயடியாக நிறுத்தினால் முதல் இரண்டு மூன்று நாளில் கைநடுக்கம், வலிப்பு, பிதற்றல் வரலாம், சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகும். அதை மனஉறுதிக் குறைவு என்று வீட்டில் திட்டுவார்கள். அது உடம்பின் வேலை, அதற்கு மருந்து இருக்கிறது. தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு, பென்னாகரத்திலிருந்து பஸ்ஸில் போய்விடலாம். அடுத்த லீவில் ஊருக்குப் போகும்போது சித்தப்பாவோடு தனியாக உட்காருங்கள். எப்போது ஆரம்பித்தது, கயிற்றை அறுத்த அன்று என்ன நடந்தது என்று கேளுங்கள். ஆஸ்பத்திரிப் பேச்சை அதற்கு அப்புறம் எடுங்கள். வருகிறேன் என்று அவர் சொன்னால் நீங்களும் கூடப் போங்கள்.

அன்புடன்,
அண்ணன்