எண் சரி, கைக்கு வருவது ஏன் குறைகிறது? பிரிட்டனில் வயதுவாரிக் குறைந்தபட்ச ஊதியம்: கேள்வி-பதில்

2026 ஏப்ரல் 1 முதல் மணிக்குக் குறைந்தபட்சச் சம்பளம்: 21 வயது நிறைந்தவர்களுக்கு 12.71 பவுண்டு, 18 முதல் 20 வயது வரை 10.85, பதினெட்டு நிறையாதவர்களுக்கு 8. இந்த எண்கள் எல்லோருக்கும் தெரியும். வந்த கேள்விகளோ வேறு மாதிரி.

மே 10 அன்று எனக்கு 21 வயது. மாதச் சம்பளம். அன்றிலிருந்தே 12.71 கிடைக்குமா?

இல்லை. பிறந்தநாளிலோ அதற்குப் பிறகோ தொடங்கும் முதல் சம்பளக் காலத்திலிருந்துதான். உங்கள் சம்பளக் காலம் 1ஆம் தேதி தொடங்கி மாதக் கடைசியில் முடிகிறது என்றால் ஜூன் 1. வாரச் சம்பளக்காரருக்கு அடுத்த வாரமே மாறிவிடும். பணம் வங்கியில் விழும் நாளை வைத்து எண்ணாதீர்கள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரைக்கான சம்பளம் என்று பே சிலிப்பில் பாருங்கள். ஏப்ரல் உயர்வுக்கும் இதே விதிதான்.

"21 ஆகிவிட்டால் உன்னை வைத்துக் கட்டுப்படியாகாது" என்கிறார் முதலாளி. ஷிஃப்டும் குறைந்துவிட்டது. அவர் இஷ்டம்தானா?

இல்லவே இல்லை. கூடுதல் ஊதிய விகிதத்துக்குத் தகுதி பெறப்போகிறார் என்ற காரணத்துக்காக ஓர் ஊழியரை நீக்கினால், 1996ஆம் ஆண்டு வேலைவாய்ப்பு உரிமைச் சட்டத்தின் 104ஏ பிரிவுப்படி அது அப்படியே அநியாயப் பணிநீக்கம். எத்தனை மாதம் வேலை பார்த்தீர்கள் என்ற கேள்வியே எழாது. நீக்காமல் ஷிஃப்டை மட்டும் வெட்டினாலும், 1998ஆம் ஆண்டுக் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தின் 23ஆம் பிரிவு உங்கள் பக்கம் நிற்கிறது.

சட்டம் தெளிவாக இருக்கிறது, சிக்கல் நிரூபணத்தில். "வியாபாரம் மந்தம்" என்றுதான் எதிர்த்தரப்பு சொல்லும். அதனால் பிறந்தநாளுக்கு முந்தைய மூன்று மாத ரோட்டாவையும் (ஷிஃப்ட் அட்டவணை) பிந்தைய ரோட்டாவையும் படம் எடுத்து வையுங்கள். உங்கள் நேரம் யாருக்குப் போனது, அவர் வயது என்ன என்று குறியுங்கள். ஷிஃப்ட் ஏன் குறைந்தது என்று வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் கேளுங்கள். வேலைவாய்ப்புத் தீர்ப்பாயத்துக்குப் போகுமுன், வேலையிடத் தகராறுகளைத் தீர்க்க உதவும் ஏகாஸ் (Acas) அமைப்பின் சமரச நடைமுறையைத் தொடங்கியாக வேண்டும்; அவர்களுடைய எண் 0300 123 1100. கால வரம்பு குறுகியது, உடனே கூப்பிடுங்கள்.

வாரம் 40 மணி நேரம், மணிக்கு 12.71, சரியாகப் போடுகிறார்கள். ஆனால் தினமும் ஷட்டர் திறக்க கால் மணி முன்னால் வரவேண்டும். மூடிய பின் கல்லா எண்ணக் கால் மணி. இதற்குப் பணம் இல்லை.

நிறையப் பேரின் பணம் கசிகிற ஓட்டை இதுதான். கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாளைக்கு அரை மணி, ஐந்து நாளில் இரண்டரை மணி. 40 மணிக்கு வந்தது 508.40 பவுண்டு. உண்மையில் உழைத்தது 42.5 மணி. வகுத்தால் மணிக்கு 11.96தான் வருகிறது, 75 பென்ஸ் குறைவு. வாரத்துக்கு உங்களுக்குச் சேர வேண்டியது சுமார் 31.78 பவுண்டு. அலாரத்தை அணைப்பது, கல்லா எண்ணுவது, கட்டாயப் பயிற்சி எல்லாமே வேலை நேரம். கடை சொல்லி நீங்கள் வாங்கிய யூனிஃபார்ம் செலவையும் சம்பளத்திலிருந்து கழித்துத்தான் பார்க்க வேண்டும். டிப்ஸை இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது.

நேரப் பதிவேட்டைக் காட்டும்படி எழுத்தில் கேளுங்கள். சட்டப்படி 14 நாள் அவகாசம். காட்டாவிட்டால், தீர்ப்பாயம் குறைந்தபட்ச மணி ஊதியத்தைப் போல் 80 மடங்கு வழங்கும், 12.71 என்றால் 1,016.80 பவுண்டு. பதிவுகளை ஆறு வருடம் வைத்திருப்பது முதலாளியின் கடமை. ஆனாலும் அவருடைய பதிவேட்டை மட்டும் நம்பாதீர்கள். வந்த நேரம், போன நேரம் இரண்டையும் அன்றன்றே உங்கள் கைபேசியில் குறித்து வையுங்கள். பழைய பாக்கியை அன்றைய விகிதத்தில் தந்தால் போதாது. இன்றைய விகிதம் அதிகமென்றால் இன்றைய விகிதத்தில்தான் தர வேண்டும்.

"மணிக்கு 12.71, லீவுப் பணமும் அதிலேயே அடக்கம்" என்று கான்ட்ராக்டில் இருக்கிறது.

செல்லாது. நேரம் மாறி மாறி வரும் வேலையில், லீவுப் பணத்தை ஒவ்வொரு சம்பளத்தோடும் 12.07 சதவீதமாகச் சேர்த்துக் கொடுக்க அனுமதி உண்டு. ஆனால் அது குறைந்தபட்சச் சம்பளத்துக்கு மேலே வர வேண்டியது. உங்கள் 12.71இலிருந்து அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது 11.34.

எனக்கு 19 வயது, 13 பவுண்டு. அதே வேலைக்கு 21 தாண்டியவர்களுக்கு 14. வயதுப்படி கொடுக்கலாம்தானே?

இங்கே பல நிர்வாகங்கள் தவறுகின்றன. வயது பார்த்துக் குறைவாகக் கொடுக்க 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் தரும் விலக்கு, இளையவரின் சம்பளம் 12.71க்குக் கீழே இருக்கும்போதுதான் பொருந்தும். 13 வாங்கும் உங்களுக்கு அது பொருந்தாது. வித்தியாசம் அனுபவத்தாலோ பொறுப்பாலோ வந்தது என்றால் சரி. வயது மட்டுமே காரணம் என்றால், அதற்குத் தக்க நியாயத்தை அவர்கள்தான் நிரூபிக்க வேண்டும்.

மாமாவின் கடையில் வேலை. "சொந்தக்காரப் பிள்ளைக்குச் சட்டம் இல்லை" என்கிறார்.

அவர் சொல்லும் விலக்கு மிகக் குறுகியது. முதலாளியின் குடும்பத்தைச் சேர்ந்தவராக இருந்து, அவருடைய வீட்டிலேயே குடியிருந்து, குடும்பத் தொழிலில் பங்கெடுக்க வேண்டும். நீங்கள் தனியாக வாடகை அறையில் இருந்தால் முழுச் சம்பளம் உண்டு. கடை லிமிட்டெட் கம்பெனியாகப் பதிவாகியிருந்தாலும் விலக்கு கிடையாது. கம்பெனிக்கு மருமகன் இருக்க முடியாது.

17 வயது மகளுக்கு ஆறு மணி நேர ஷிஃப்டில் 20 நிமிடம்தான் இடைவேளை.

போதாது. 20 நிமிடம் பெரியவர்களுக்கு. பதினெட்டு நிறையாதவருக்கு நாலரை மணி நேரம் தாண்டினாலே 30 நிமிடம் தர வேண்டும். நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 40 மணி என்பது அவருக்கு உச்சவரம்பு. பெரியவர்களைப் போல் கையெழுத்துப் போட்டு வாரத்துக்கு 48 மணி என்ற வரம்பிலிருந்து விலகும் வழியும் அவருக்கு இல்லை. அப்படி ஒரு தாளை நீட்டினால் கையெழுத்துப் போட வேண்டாம் என்று சொல்லுங்கள்.