பார்ரா தெ நாவிதாத் போகிறீர்களா? முதலில் கடலைப் பற்றிக் கேளுங்கள்

தம்பி, மெக்சிகோவின் குவாதலஹாரா நகரத்துக்கு வேலைக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது, டிசம்பர் விடுமுறையில் மனைவியோடும் நான்கு வயது மகளோடும் கூட்டமில்லாத கடற்கரை ஊர் ஒன்றைப் பார்க்க ஆசை, பார்ரா தெ நாவிதாத் சரிப்படுமா, எந்த ஹோட்டல், சைவம் கிடைக்குமா, ஆங்கிலம் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். சரிப்படும். நான் வந்த புதிதில் இப்படிக் கேட்க எனக்கு ஆள் கிடைக்கவில்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஹோட்டலை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். ஊரே ஒரு மணல் திட்டுதான். ஒரு பக்கம் பசிபிக், மறுபக்கம் காயல். எங்கே தங்கினாலும் இரண்டும் நடக்கிற தூரம். ஆனால் கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரை மெக்சிகோ குடும்பங்களே வந்து ஊரை நிறைத்துவிடும். அமைதி வேண்டுமென்றால் மாதத் தொடக்கத்திலேயே போய் வந்துவிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். பார்ராவின் கரை சரிவானது. அலை தூரத்தில் உடைந்து, நுரையாக வந்து காலை நனைத்துவிட்டுப் போகாது. கரையிலேயே எழுந்து கரையிலேயே விழும். விழுந்த தண்ணீர் திரும்பும்போது காலடி மணலையும் உருவிக்கொண்டு போகும். முழங்கால் அளவுத் தண்ணீரில் நிற்கிற பெரிய ஆளையே அது கீழே தள்ளிவிடும். நம் ஆட்கள் கடலைக் கண்டால் கைகோத்து, உடுத்திய துணியோடு இறங்கி, அலைக்கு முதுகைக் காட்டியபடி போட்டோவுக்கு நிற்பார்கள். அங்கே அப்படி நிற்கவே கூடாது. நனைந்த ஜீன்ஸோடும் சுடிதாரோடும் எழுந்திருப்பதற்குள் அடுத்த அலை வந்துவிடும். குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு இறங்குவதும் வேண்டாம். சிவப்புக் கொடி பறந்தால் மணலோடு சரி. கொடியே இல்லையென்றால் ஆபத்து இல்லை என்று எண்ணிவிடாதீர்கள், காவலுக்கு ஆளே இல்லாமல் இருக்கலாம். மீறி யாரையாவது நீரோட்டம் இழுத்துவிட்டால் கரையை நோக்கி மல்லுக்கட்டக் கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பிலிருந்து விலகிய பிறகுதான் கரைக்குத் திரும்ப வேண்டும்.

மகள் தண்ணீரில் விளையாட வேண்டுமென்றால் பக்கத்து ஊரான மெலாகேவைத் தாண்டி குவாஸ்தெகொமாதெஸ் என்ற சின்ன வளைகுடாவுக்குக் கூட்டிப் போங்கள். மலைகள் அணைத்து நிற்பதால் தண்ணீர் அடங்கியிருக்கும். சக்கர நாற்காலியில் இருப்பவர்களும் கடலில் இறங்கும்படி அந்தக் கரையை அமைத்திருக்கிறார்கள். நாளைக்கு ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தாலும் அங்கேயே அழைத்துப் போகலாம். இன்னொன்று, அந்தப் பகுதிக் காயல்களில் முதலை உண்டு. பொழுது சாய்ந்த பிறகு அலையாத்திக் காட்டு ஓரமாகக் குழந்தையை நடக்க விடாதீர்கள்.

நான் நாகப்பட்டினத்துக்காரன். 2004 டிசம்பரில் ஊரில்தான் இருந்தேன். அதனால் எந்தக் கடற்கரைக்குப் போனாலும் மேடு எங்கே இருக்கிறது என்று முதலில் பார்த்துவைப்பேன். 1995 அக்டோபர் 9 அன்று இந்தக் கரையோரத்தில் 8.0 அளவில் நிலம் நடுங்கியது. பின்னாலேயே சுனாமி பார்ராவுக்கும் மெலாகேவுக்கும் வந்தது. மெலாகேயில் அப்போது இடிந்த ஹோட்டலின் எலும்புக்கூடு பல வருடம் கரையில் அப்படியே நின்றது. நிலம் நீண்ட நேரம் ஆடினால் சங்கு ஊதட்டும், யாராவது சொல்லட்டும் என்று காத்திருக்காதீர்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு நடந்துவிடுங்கள். பார்ராவில் மேடு பக்கத்தில் இல்லை. போன அன்றே வழியைப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆங்கிலம் போதுமா என்றால், போதாது. மெலாகேயில் குளிர்காலம் முழுக்க கனடாக்காரர்கள் தங்குவதால் சில கடைகளில் காலம் தள்ளலாம், அவ்வளவுதான். இங்கே இருக்கிற நம்மவர்கள் மேல் எனக்கு இதில்தான் வருத்தம். பல வருடம் இந்த நாட்டில் சம்பாதித்துவிட்டு, காய்கறிக்காரரிடம் நாலு வார்த்தை பேசத் தெரியாமல் இருப்பார்கள். விடுமுறை என்றால் கூட்டமாகக் கான்குன் போய், குக்கரில் சோறு வைத்துச் சாப்பிட்டுவிட்டு, மெக்சிகோ பார்த்தாயிற்று என்று ஊருக்குப் போன் செய்வார்கள். நீங்கள் அப்படி ஆகிவிடக் கூடாது.

நான் வந்தபோது வாடகை வீட்டுக்கு ஃபியாதோர் கேட்டார்கள். இதே நகரத்தில் சொந்த வீடு உள்ள ஒருவர் நமக்காக ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். இறங்கிய மறுநாள் அப்படி ஆளுக்கு எங்கே போவது? ஒரு தரகர் முன்பணத்தை வாங்கிக்கொண்டு சாவி தராமல் வாரக்கணக்கில் இழுத்தடித்தார். தமிழர்கள் சிலரிடம் கேட்டேன், யாரும் பிடி கொடுக்கவில்லை. கடைசியில் கையெழுத்துப் போட்டது என்னோடு வேலை பார்த்த ஒரு மெக்சிகோக்காரரின் அம்மா. அவர்கள் பூர்வீகம் பார்ரா பக்கத்துச் சிவாத்லான். என்னை முதன்முதலில் அந்தக் கடலுக்குக் கூட்டிப் போனதும் அந்த அம்மாதான்.

பார்ராவின் காயலுக்கு எதிர்க்கரையில் கொலிமீயா என்ற ஊர் இருக்கிறது. பார்ரா ஹலிஸ்கோ மாநிலம், அது கொலிமா மாநிலம். சின்னப் படகில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் போய்விடலாம். அங்கே ஒரு சமையற்கட்டில் அந்த அம்மா மீனை முள் நீக்கி, கத்தியால் கொத்திக் கொத்திக் கிட்டத்தட்ட புட்டு மாதிரி ஆக்கினார். எலுமிச்சையைப் பிழிந்து ஊற வைத்து, துருவிய கேரட்டும் வெங்காயமும் கொத்தமல்லியும் கலந்து, தொஸ்தாதா என்கிற மொறுமொறுப்பான சோள ரொட்டி மேல் வைத்துக் கொடுத்தார். கொலிமா முறை செவிச்சே அது. பச்சை மீனா என்று முகம் சுளிக்காமல் சாப்பிட்டேன். அன்றிலிருந்து அந்த வீட்டில் நானும் ஒரு பிள்ளை. என் ஸ்பானிஷ் முழுக்க அந்த வீட்டு அடுப்படியில் வந்ததுதான்.

சைவம் கேட்டீர்களே, ‘சின் கார்னே’, அதாவது இறைச்சி இல்லாமல், என்றால் கோழி வந்து நிற்கும். பீன்ஸைப் பன்றிக் கொழுப்பில் தாளித்திருப்பார்கள், ‘மாந்தெகா’ இருக்கிறதா என்று கேளுங்கள். ரொக்கம் கையில் இருக்கட்டும்.

திரும்பும்போது ஔத்லான் மலைப்பாதை வேண்டாம், அந்த வளைவுகளில் குழந்தைக்குக் குமட்டும். மன்சனீயோ, கொலிமா வழியாக வாருங்கள், வழியில் துபா குடிக்கலாம். அதற்கு ஒரு கதை உண்டு. 1564 நவம்பரில் ஸ்பானியத் தளபதி லெகாஸ்பியின் கப்பல்கள் பிலிப்பைன்ஸுக்குப் புறப்பட்டது இதே நாவிதாத் துறைமுகத்திலிருந்துதான். பிறகு மணிலா கப்பல்களில் வந்த பிலிப்பைன்ஸ்காரர்கள் தென்னம்பாளை சீவும் தொழிலைக் கொலிமாவுக்குக் கொண்டுவந்தார்கள். இன்றைக்கும் பெரிய சுரைக்குடுக்கையோடு ‘துபா’ விற்பவர்களைத் தெருவில் பார்க்கலாம். நம்மூர்த் தென்னம் பதநீரேதான், மேலே வேர்க்கடலை தூவித் தருவார்கள். காலையில் வாங்கினால் இனிப்பு, பொழுது ஏறினால் புளிப்பு. மகளுக்குக் காலையிலேயே வாங்கிக் கொடுங்கள்.