உப்பு குறையாத உப்புத் தொட்டி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் வீட்டுக்கு வரும் குழாயில் தண்ணீர் மெதுவாகத்தான் வருகிறது. அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டிப் பார்த்தால் 0.8 பார் காட்டுகிறது. கடினத்தன்மை லிட்டருக்கு 500 மில்லிகிராம். தானியங்கி சாஃப்ட்னர் (கடின நீரை மென்னீராக்கும் கருவி) வைத்தால் வேலை செய்யுமா?

பதில்: அந்தக் குழாயிலேயே நேரடியாக மாட்டினால் செய்யாது. வீட்டு சாஃப்ட்னர்களின் தலையில் உட்கார்ந்திருக்கும் கண்ட்ரோல் வால்வுகளில் பெரும்பாலானவற்றுக்குக் குறைந்தது 1.4 முதல் 1.7 பார் வேண்டும். உங்கள் மாடலுக்கான எண் அதன் கையேட்டிலேயே இருக்கும். வாங்கும் முன்பே கேட்டுப் பாருங்கள்.

இதில் ஏமாறுவது எளிது. மாட்டிய முதல் சில நாட்கள் சோப்பு நன்றாக நுரைக்கும், பக்கெட்டில் வெள்ளைக் கறை படியாது. உள்ளே கடினத்தன்மையைப் பிடித்துக்கொள்ளும் ரெசின் மணிகள் புதிது, அதனால்தான். சிக்கல் முதல் ரீஜெனரேஷனில், அதாவது உப்புத் தொட்டியிலிருந்து வரும் கரைசலால் ரெசினைப் புதுப்பிக்கும்போது, தொடங்கும். உப்புக் கரைசலை ரெசினுக்குள் இழுக்கத் தனி மோட்டார் எதுவும் கிடையாது. வால்வுக்குள் இருக்கும் இன்ஜெக்டர் என்ற சின்னத் துளை வழியாகத் தண்ணீர் சீறிப் பாயும்போது உண்டாகும் உறிஞ்சல்தான் கரைசலை இழுக்கிறது. அழுத்தம் இல்லையென்றால் சீற்றம் இல்லை, உறிஞ்சலும் இல்லை. டைமர் மட்டும் தன் கடமையை முடித்துக்கொண்டு 'ரீஜெனரேஷன் ஆயிற்று' என்று காட்டும். தண்ணீரைக் கீழிருந்து மேலாக விட்டு ரெசினைக் கழுவும் பேக்வாஷும் அரைகுறைதான். 10 அங்குல விட்டமுள்ள உருளையில் ரெசின் மணிகளைத் தூக்கிக் கழுவ நிமிடத்துக்குச் சுமார் 9 லிட்டர் ஓட்டம் வேண்டும். அது கிடைக்காவிட்டால் அழுக்கு உள்ளேயே தங்கி, ரெசின் இறுகிப்போகும்.

0.8 பார் என்பது குழாய் மூடியிருந்தபோது பார்த்ததா, திறந்திருந்தபோதா? அதையும் கவனியுங்கள். ஒரு குழாயைத் திறந்துவிட்டு கேஜைப் பார்ப்பதே சரியான அளவு. கூடவே 10 லிட்டர் பக்கெட் எத்தனை நொடியில் நிரம்புகிறது என்றும் குறித்துக்கொள்ளுங்கள்.

தீர்வு, இடையில் ஒரு தொட்டியும் பிரஷர் பம்பும். பம்பை நேராகக் குழாயில் வைத்து உறிஞ்சாதீர்கள். பல ஊர்களில் அதற்கு அனுமதியில்லை. தவிர, குழாய்க்குள் வெற்றிடம் உண்டானால் விரிசல் வழியாகச் சாக்கடை நீர்கூட உள்ளே வரலாம். வரிசை இப்படி இருக்கட்டும்: தொட்டி, பம்ப், தண்ணீர் திரும்பிப் போகாமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு, வண்டல் ஃபில்டர், சாஃப்ட்னர். பம்ப் ஆன் ஆகும் அழுத்தம் 2 பாருக்குக் கீழே போகாமலும், ஆஃப் ஆவது 3 பார் வாக்கிலும் இருக்கும்படி ஸ்விட்சைச் சரிசெய்யுங்கள். முழு ஓட்டத்தில் சாஃப்ட்னரே 1 பார் வரை தின்றுவிடும். முக்கால் அங்குலக் குழாயும் ஏழெட்டு எல்போவும் சேர்ந்தால் மிச்சமும் போகும். 1 அங்குலக் குழாய் போடுங்கள். தண்ணீர் தீர்ந்தால் பம்ப் தானே நிற்கும் வசதி அவசியம். தேவைப்படும்போது சாஃப்ட்னரைத் தவிர்த்துத் தண்ணீரை விடும் மூன்று வால்வு பைபாஸையும் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் வைத்தால் பம்ப் தேவைப்படாதே?

பதில்: 10 மீட்டர் உயரத்துக்குத்தான் 1 பார். தொட்டி குளியலறைக்கு 4 மீட்டர் மேலே இருந்தால் கிடைப்பது 0.4 பார். பம்ப் இல்லாமல் நடக்காது.

மாடிக்கு ஏற்றும் மோட்டார் வழியில் வைக்கலாமே என்பார்கள். அதிலும் இரண்டு கோளாறு உண்டு. 25 லிட்டர் ரெசினுக்கு நிமிடத்துக்கு 15 முதல் 20 லிட்டர்தான் சௌகரியம். மோட்டார் அதைவிட வேகமாகத் தள்ளினால் கடினத்தன்மை நழுவி வெளியேறும். இன்னொன்று, பல வால்வுகளில் ரீஜெனரேஷன் நேரம் அதிகாலை 2 மணி என்று வைத்தே வரும். அந்த நேரத்தில் மோட்டார் ஓடாதே!

கேள்வி: பம்ப் வைத்தும் உப்பு குறையவில்லை. உப்புத் தொட்டியில் தண்ணீர் மட்டம் ஏறிக்கொண்டே போகிறது.

பதில்: வால்வைக் கையால் கரைசல் இழுக்கும் நிலைக்குக் கொண்டுவாருங்கள். உப்புத் தொட்டிக்குப் போகும் மெல்லிய குழாயைத் தொட்டிப் பக்கம் கழற்றி, ஒரு டம்ளர் தண்ணீரில் முனையை அமிழ்த்துங்கள். மட்டம் கண்ணெதிரே இறங்க வேண்டும். இறங்கினால், கோளாறு தொட்டிக்குள்: உப்பு மேலே பாளமாக இறுகி, அடியில் வெற்றிடமாக நிற்கலாம். துடைப்பக் கட்டையால் மெல்லக் குத்தி உடையுங்கள்.

மாறாக டம்ளருக்குள் தண்ணீர் வந்தால், கழிவுக் குழாய் மடங்கியோ, அடைத்தோ, மிக உயரத்தில் ஏறியோ இருக்கிறது. இழுப்பும் இல்லை, வருவதும் இல்லை என்றால் பைபாஸில் போட்டு அழுத்தத்தை இறக்கி, இன்ஜெக்டரையும் அதன் சல்லடையையும் கழற்றுங்கள். பழைய டூத் பிரஷ் போதும். ஊசி விடவே கூடாது. துளை பெரிதானால் உறிஞ்சல் போச்சு. எல்லாம் சுத்தமாக இருந்தும் இழுக்கவில்லையா? மெல்லிய குழாயின் நட்டில் காற்று நுழைகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: ஒரு தடவை ரீஜெனரேஷனுக்கு எவ்வளவு உப்பு? டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவு) மீட்டரில் எண் குறையவே இல்லையே?

பதில்: 25 லிட்டர் ரெசினுக்கு 3 கிலோ உப்பு. ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 360 கிராம்தான் கரையும் என்பதால் தொட்டிக்குள் எட்டரை லிட்டர் தண்ணீர் நிரம்ப வேண்டும். இந்த அளவில் லிட்டர் ரெசினுக்குச் சுமார் 50 கிராம் கடினத்தன்மையை நீக்கலாம். லிட்டருக்கு 500 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள தண்ணீரில், 25 லிட்டர் ரெசினுக்கு அது 2,500 லிட்டர் தண்ணீர். சாஃப்ட்னர் வால்வின் தண்ணீர் மீட்டரில் 2,200 லிட்டருக்கு ஒரு ரீஜெனரேஷன் என்று வையுங்கள்.

டிடிஎஸ் குறையாது. கால்சியம், மெக்னீசியம் போன இடத்தில் சோடியம் வந்து உட்காருகிறது, அவ்வளவுதான். அதே 500 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 230 மில்லிகிராம் சோடியம் கூடும். ஆகவே குடிநீர்க் குழாயையும் செடிகளுக்கான குழாயையும் சாஃப்ட்னருக்கு முன்பே பிரித்துவிடுங்கள். வேலை செய்கிறதா என்று பார்க்க, சொட்டு விட்டு நிறம் பார்க்கும் கடினத்தன்மைச் சோதனைப் பெட்டியே சரி.