மூடுபனியைப் பார்த்துத் திட்டம் போடுங்கள்

வணக்கம் சார்,

குமுளியிலிருந்து எழுதுகிறேன். சுருளிப்பட்டிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் பன்னீர் திராட்சை இருக்கிறது. மகன் கலிபோர்னியாவில், சான் ஹோசேயில் வேலை பார்க்கிறான். இந்த வருஷம் நானும் மனைவியும் அம்மாவும் அங்கே போகிறோம். அவனுக்கு மூன்று நாள்தான் லீவு. முதல் நாள் நாப்பா திராட்சைத் தோட்டங்கள், இரண்டாம் நாள் ரெட்வுட் தேசியப் பூங்கா, மூன்றாம் நாள் திரும்புவது என்று எழுதி அனுப்பியிருக்கிறான். ஜூனில் வாருங்கள், செப்டம்பர் என்றாலும் சரி என்கிறான். வீட்டில் யாரும் குடிப்பதில்லை. ஒயின் தோட்டத்தில் எங்களுக்கு என்ன வேலை? திரும்பும்போது நடுவதற்கு நாலு திராட்சைக் கொடிக்குச்சி கொண்டுவரலாமா? நீங்கள் அந்தப் பக்கம் போய் வந்தவர் என்பதால் கேட்கிறேன்.

செ., குமுளி

அன்புள்ள செ.,

மகன் ஆசையாகத்தான் திட்டம் போட்டிருக்கிறார், தூரத்தைப் பார்க்கவில்லை. வானுயர்ந்த ரெட்வுட் மரங்கள் நிற்கும் அந்தத் தேசியப் பூங்கா மாநிலத்தின் வடகோடியில், ஓரிகான் எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது. சான் ஹோசேயிலிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல். அம்மாவைக் காரில் உட்கார வைத்தே அலுக்க வைத்துவிடுவீர்கள். நாப்பாவையும் விட்டுவிடலாம் என்பேன். அது கடலை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது, கூட்டமும் ஜாஸ்தி. உங்களுக்குக் காடும் திராட்சையும் ஒரே சாலையில் வேண்டும். அப்படி ஒரு சாலை இருக்கிறது.

அதற்கு முன்னால் ஒரு விஷயம். ஜூன் மாதம் குமுளியில் குடை பிடித்துக்கொண்டு பஸ் ஏறினால், மலையடிவார லோயர் கேம்ப்பில் இறங்கும்போது அதே குடையை வெயிலுக்குப் பிடிக்க வேண்டியிருக்கும். மழையை மலை மேலேயே வாங்கிக்கொள்கிறது. அதனால்தான் மேலே காடும் ஏலமும், கீழே வறண்ட கம்பம் பள்ளத்தாக்கில் பந்தல் பந்தலாகத் திராட்சையும். அந்தப் பள்ளத்தாக்குக்கு 1895 முதல் பெரியாற்றுத் தண்ணீர் வருகிறது. இதையெல்லாம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கலிபோர்னியாவில் இந்த வேலையைச் செய்வது மூடுபனி.

அங்கே கரையோரக் கடல் கோடையிலும் சில்லென்றுதான் இருக்கும். உள்நாட்டுச் சமவெளியோ கொதிக்கும். சூடான காற்று மேலே எழும்ப, அந்த இடத்துக்குக் கடல்காற்று பனியையும் கூட்டிக்கொண்டு உள்ளே வரும். கோடையில் மழை கிடையாது. நவம்பர் முதல் மார்ச் வரை பெய்வதோடு சரி. மிச்ச மாதங்களில் ரெட்வுட் மரம் பனியை இலையில் பிடித்து, சொட்டவிட்டு, வேரால் குடித்துக்கொள்கிறது. அந்தக் காட்டுக்கு வருஷத்தில் கிடைக்கும் தண்ணீரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இந்தச் சொட்டுதான் என்று அளந்திருக்கிறார்கள். பனி அடர்ந்த காலையில் போனால் மரத்தடியில் சட்டை நனையும், நாலு எட்டு தள்ளித் திறந்த வெளியில் தார் ரோடு காய்ந்து கிடக்கும். கரையை விட்டு உள்ளே போகப் போக அந்த மரம் நின்றுவிடுவதற்கும் இதுதான் காரணம். அதே பனி ஆற்றுப் பள்ளத்தாக்குகள் வழியாக நுழைந்து ராத்திரியில் திராட்சைத் தோட்டங்களைக் குளிரவைக்கிறது. பகல் வெயிலில் இனிப்பு ஏறும், ராத்திரிக் குளிரில் புளிப்பு நிற்கும். பீனோ நுவார் மாதிரி தோல் மெலிந்த ரகங்கள் அங்கே பிழைப்பது இதனால்தான்.

சரி, வழிக்கு வருவோம். சான் பிரான்சிஸ்கோவில் கோல்டன் கேட் பாலத்தைத் தாண்டி 101-ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே போங்கள். க்ளோவர்டேல் என்ற ஊரில் டேங்கை நிரப்பிக்கொண்டு, இடது பக்கம் 128-ஆம் சாலையில் திரும்புங்கள். கொஞ்ச நேரம் நம் குட்டிக்கானம் – முண்டக்கயம் இறக்கம் மாதிரி வளைவுதான், அம்மாவுக்கு வாந்தி மாத்திரை எடுத்து வையுங்கள். அப்புறம் ஆண்டர்சன் பள்ளத்தாக்கு விரியும். பூன்வில், ஃபைலோ என்று சின்னச் சின்ன ஊர்கள். ஒரு காலத்தில் ஆப்பிள் விளைந்த பூமி, இப்போது திராட்சை. ஃபைலோ பக்கத்தில் ஹெண்டி வுட்ஸ் என்ற காடு இருக்கிறது, அம்மாவும் நடக்கும் அளவுக்குச் சமதரை. அதைத் தாண்டினால் நவாரோ ஆற்றை ஒட்டி 18 கிலோமீட்டருக்கு ரெட்வுட் மரங்களுக்கு நடுவே சாலை போய்க் கடலில் முடியும். முதல் ராத்திரி மெண்டசீனோவில் தங்குங்கள்.

மறுநாள் 1-ஆம் எண் சாலையில் தெற்கே இறங்குங்கள். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. அங்கே வண்டி வலது பக்கம் ஓடும். தெற்கே வரும்போதுதான் உங்கள் வண்டி கடல் ஓரத்தில் இருக்கும், நினைத்த இடத்தில் ஒதுக்கி நிறுத்தலாம். வடக்கே போகிறவர்கள் எதிர்வரிசையைக் குறுக்கே வெட்டித்தான் கடல் பக்கம் நிறுத்த வேண்டும். ஜென்னர் வரை வந்து, ரஷ்யன் ஆற்றை ஒட்டி உள்ளே திரும்பினால் கெர்ன்வில். அங்கே ஆர்ம்ஸ்ட்ராங் ரெட்வுட்ஸ். 1,400 வயது இருக்கும் என்று கணிக்கப்பட்ட மரம் ஒன்றும், 94 மீட்டருக்கு மேல் வளர்ந்தது ஒன்றும் அந்த ஒரே காட்டில் நிற்கின்றன. இரண்டாம் ராத்திரி சாண்டா ரோசாவில். மூன்றாம் நாள் நிதானமாக வீடு. வழியில் மியூர் வுட்ஸ் காட்டையும் பார்க்கச் சொல்வார்கள். 1908-லேயே பாதுகாக்கப்பட்ட இடம், நல்ல இடம்தான். ஆனால் கார் நிறுத்த முன்பதிவு கட்டாயம், இரண்டு காடு பார்த்தபின் அவசியமும் இல்லை.

மாதம் என்றால் செப்டம்பர்தான். ஜூனில் கரையில் பனி மூடிக் கடலே தெரியாத நாட்கள் நிறைய. அதை விடப் பெரிய காரணம், நீங்கள் திராட்சைக்காரர். கம்பத்தில் கவாத்தைத் தோட்டத்துக்குத் தோட்டம் மாற்றிச் செய்து வருஷம் முழுக்கப் பழம் வெட்டுகிறோம். அங்கே குளிர்காலத்தில் கொடி இலையில்லாமல் தூங்கும், வருஷத்துக்கு ஒரே அறுப்பு. செப்டம்பரில் விடிவதற்கு முன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு வெட்டுவார்கள், பழம் சூடேறக் கூடாதென்று. பந்தல் கிடையாது, கம்பி கட்டி வரிசை வரிசையாக நெஞ்சளவுக்கு விடுவார்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: செப்டம்பர், அக்டோபர் காட்டுத்தீ காலமும்தான். 2017 அக்டோபரில் சாண்டா ரோசாவின் ஒரு பகுதியே எரிந்தது. கிளம்பும் முன் செய்தி பார்த்துக்கொள்ளுங்கள்.

குடிக்காதவர் போகக் கூடாதென்று யார் சொன்னது? சில தோட்டங்களில் புளிக்காத திராட்சைச் சாறு பாட்டிலில் கிடைக்கும். ருசி பார்க்கிறவர்கள்கூட வாயில் கொப்பளித்துத் துப்பப் பாத்திரம் வைத்திருப்பார்கள். மகன் ஓட்டுவதால் அவருக்கு அதுவும் வேண்டாம். முன்கூட்டியே நேரம் கேட்டுப் போங்கள், "நாங்களும் திராட்சை விவசாயிகள்" என்று சொல்லுங்கள். பேச்சு தானாக வளரும்.

கொடிக்குச்சி மட்டும் வேண்டவே வேண்டாம். இறக்குமதி அனுமதியும் அந்நாட்டுத் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் கொண்டுவருவது சட்டவிரோதம். சட்டத்தை விடுங்கள், ஃபைலாக்ஸெரா என்ற வேர்ப்பேன் 1980-களில் நாப்பாவையும் பக்கத்துச் சோனோமாவையும் என்ன பாடு படுத்தியது என்று அங்கே பெரியவர்களைக் கேளுங்கள். தாங்கும் என்று நம்பி நட்ட ஒரு வேர்ச்செடி (மேலே ரகத்தை ஒட்டுக் கட்ட அடியில் வைக்கும் செடி) தாங்காமல், ஆயிரக்கணக்கான ஏக்கரைப் பிடுங்கி மறுபடி நட்டார்கள். குச்சிக்குப் பதில் குறிப்பெடுங்கள்: எந்த வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டுகிறார்கள், என்ன இடைவெளி, எத்தனை கண் விட்டுக் கவாத்து. அதை ஆனைமலையன்பட்டி திராட்சை ஆராய்ச்சி நிலையத்தில் காட்டினால் நம் மண்ணுக்கு எது ஒத்துவரும் என்று பேசலாம்.