பேகனும் கவ்வாத்துச் சாமியும்

அன்பின் அக்கா,

ஊர் மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம், தேயிலைத் தோட்டம். இப்போது கொழும்பில் வேலை, போர்டிங் அறை. ஒரு வருடமாக, கிறிஸ்தவத்துக்கு முந்திய ஐரோப்பிய வழிபாடுகளைத் திரும்பக் கொண்டுவரும் ‘பேகன்’ ஆன்மீகம் பற்றிய காணொளிகளைப் பார்த்துப் பார்த்து மனம் அதில் போய்விட்டது. வருடத்தை எட்டாகப் பிரிக்கும் சக்கரம், ஒவ்வொன்றுக்கும் ஒரு பண்டிகை, ஒரு மூலிகை, ஒரு மெழுகுதிரி. போன ஒக்டோபர் 31ஆம் திகதி இரவு, அந்தச் சக்கரத்தின் சம்ஹெய்ன் பண்டிகை என்று ஜன்னலில் திரி ஏற்றி வைத்தேன். வீடியோ கோலில் பார்த்த அம்மா, “தீபாவளி முடிஞ்சு போச்சேடி” என்று சிரித்தார்.

யோசித்தால் எங்கள் அம்மாயி செய்ததும் இதுதானே? இருமலுக்குக் கசாயம், பிள்ளை அழுதால் மந்திரிப்பு, மாசியில் காமன். நம்முடைய பண்டிகைகளை அந்தச் சக்கரத்தில் பொருத்த முடியுமா? இன்னொன்று. எங்கள் தோட்டத்து ஓடைக்கரையில் மணி மாதிரித் தலைகீழாகத் தொங்கும் பெரிய வெள்ளைப் பூ இருக்கிறதே, அதைக் காயவைத்துத் தேத்தண்ணி போலக் குடித்தால் நல்ல தூக்கம் வரும் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். குடிக்கலாமா? அம்மாயிக்கு 80 தாண்டிவிட்டது, காதும் மந்தம். அதனால் உங்களிடம் கேட்கிறேன்.

ஒரு வாசகி

*

அன்பின் தங்கச்சிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். குடிக்காதீர்கள். நுனி நாக்கில் கூட வைக்காதீர்கள். அது நம்ம ஊமத்தையின் பெரிய சொந்தக்காரி. தென்னமெரிக்காச் செடி, அழகுக்காகக் கொண்டுவந்து நட்டது, இன்று நுவரெலியாப் பக்கத்து ஓடைகளில் தன்பாட்டில் வளர்ந்து கிடக்கிறது. இலை, பூ, விதை எல்லாவற்றிலும் அட்ரோபினும் ஸ்கோபொலமைனும் இருக்கின்றன. வாய் வறண்டு, கண்மணி விரிந்து, மூத்திரம் அடைத்து, எதிரில் இல்லாதவர்களோடு கதைக்கத் தொடங்குவீர்கள். தூக்கம் வரும் என்றவர் எந்தத் தூக்கத்தைச் சொன்னாரோ.

சரி, இனி பேகன். அந்தப் பெயரைக் கேட்டால் எனக்கு மயிலுக்குப் போர்வை கொடுத்த மனுசன்தான் நினைவுக்கு வருவார். அவரும் மலைநாட்டுக்காரர், குளிர் தெரிந்தவர். உங்கள் பேகன் வேறு. லத்தீனில் ‘பாகானுஸ்’ என்றால் முதலில் நாட்டுப்புறத்தான் என்றுதான் பொருள். பிறகு கிறிஸ்தவர் அல்லாதவர்களைக் குறிக்கும் சொல்லானது, அதிலே ஓர் இளக்காரமும் ஏறிக்கொண்டது. தோட்டத்துத் தமிழரை இளக்காரமாகச் சொல்லும் ‘தோட்டக்காட்டான்’ என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

உங்களுக்குத் தெரியுமோ என்னவோ, இன்று உலகம் முழுக்கப் பரவியிருக்கிற விக்கா என்கிற நவீன பேகன் மதத்துக்கு உருவம் கொடுத்த ஜெரால்ட் கார்ட்னர் நம்ம மலையில் சின்னத்துரையாக இருந்தவர். 1884இல் இங்கிலாந்தில் பிறந்தவர், சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. 1900 வாக்கில் பிள்ளையாகவே இலங்கைக்கு வந்து, தேயிலை வேலை பழகி, 1904இல் ஹோர்ட்டன் சமவெளிக்குக் கீழே இருக்கிற நன்பேரியல் தோட்டத்தில் உதவித் துரையாகச் சேர்ந்தார். பிறகு பெலிஹுல்ஓயாப் பக்கம் ஒரு இறப்பர் தோட்டம். 1911இல் போர்னியோவுக்குப் போய்விட்டார். இங்கிலாந்தில் சூனியத்துக்கு எதிரான பழைய சட்டம் 1951இல் நீங்கியதும், 1954இல் சூனியக்காரர்களின் மதம் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று புத்தகம் போட்டார். நீங்கள் சுவரில் ஒட்டியிருக்கக்கூடிய அந்த எட்டுப் பண்டிகைச் சக்கரமும் கிட்டத்தட்ட அதே வயசுதான். சம்ஹெய்ன், பெல்டேன் போன்றவை அயர்லாந்தின் பழைய பண்டிகைகள். அவற்றோடு சூரியனின் நான்கு நாட்களையும் (நீண்ட பகல், குறுகிய பகல், பகலும் இரவும் சமமான இரண்டு நாள்) சேர்த்து ஒரே வட்டமாகக் கட்டியது 1950களில்.

அதற்காக, விக்கா நம்ம லயத்திலிருந்து, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து, திருடப்பட்டது என்று யாரும் பதிவு போட்டுவிட வேண்டாம். கார்ட்னர் வேட்டைக்குப் போனார், காட்டில் திரிந்தார், சிங்களக் கிராமத்தவர்களின் பௌத்த நம்பிக்கைகளை ஆர்வமாகக் கேட்டார். அவ்வளவுதான். ஆனால் ஒரு துரை பங்களாவில் இருந்துகொண்டு தன் ஊர்ப் பழைய சாமிகளைத் தேடப் போகிறவராக வளர்ந்துகொண்டிருந்த காலத்தில், கீழே லயத்தில் நம்மவர்கள் சாமிகளைத் தேடிக்கொண்டிருக்கவில்லை, உண்டாக்கிக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சுவாரசியமானது அதுதான்.

அதற்கு முன் உங்கள் சக்கரம். அது அங்கே சுற்றுவதற்குக் காரணம் இருக்கிறது. லண்டனில் டிசம்பர்ப் பகல் 8 மணித்தியாலம் கூட இல்லை, ஜூனில் 16க்கு மேல். வெளிச்சம் செத்துப் பிழைக்கிற நாடு. மாடுகளைக் கோடை மேய்ச்சலில் இருந்து இறக்கி, இருட்டு மாதங்களுக்குத் தயாராகும் நாளில் சம்ஹெய்ன் நெருப்பு ஏற்றினார்கள். ஹட்டனில் வருடத்தின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஒரு மணித்தியாலம் கூட வித்தியாசம் இல்லை. சூரியன் திரும்பி வந்துவிட்டது என்று நாம் எதற்குக் கூத்தாட வேண்டும், அது போகவே இல்லையே!

நமக்குக் காலத்தைப் பிரிப்பது காற்று. அதுவும் மலைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. மே மாதம் பிடிக்கிற மழை உங்கள் பொகவந்தலாவையையும் மஸ்கெலியாவையும் செப்டெம்பர் வரை ஊறப் போடும். அதே ஜூலையில் மலைக்கு அந்தப் பக்கம் ஊவாவில் காய்ந்த காற்று அடித்துக் கண் எரியும், அங்கத்தைய தேயிலைக்கு அந்தக் காற்றிலேதான் வாசம் ஏறும். டிசம்பரில் பதுளைக்கு மழை. ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாவில் பனி விழுந்து கொழுந்து கருகும். ஒரே மலையில் இரண்டு சக்கரம், தங்கச்சி. எங்கள் லயத்தில் பஞ்சாங்கம் பார்த்தவர்கள் குறைவு. டிசம்பர்ப் பௌர்ணமிக்குச் சிவனொளிபாதமலையில் இரவு லைட் வரிசை தெரிந்தால் யாத்திரை சீசன் தொடங்கிவிட்டது. மே பௌர்ணமியோடு அது அணைந்தால், “படங்க எடுத்து வையி” என்பார் அப்பாயி. மழைக்கு இடுப்பில் கட்டுகிற படங்கைத்தான் சொல்கிறேன். இடையிலே வண்ணத்துப்பூச்சிகள் கூட்டம் கூட்டமாகப் பறக்கும். அவை மலைக்குப் போய்ப் பாதத்தில் விழுந்து சாகின்றன என்பது சிங்களவர் நம்பிக்கை. அந்த மலைக்கே வண்ணத்துப்பூச்சி மலை என்று பொருள்படச் ‘சமனல கந்த’ என்ற பெயரும் உண்டு. நாங்களும் அதை நம்பினோம். அடிக்கப் போனால் அப்பாயி கையைத் தட்டிவிடுவார், “கோயிலுக்குப் போறத அடிக்காத.”

இனி சாமிகளுக்கு வருகிறேன். எங்கள் தாத்தா கவ்வாத்து வெட்டினவர், அதாவது தேயிலைச் செடியின் கிளைகளைக் கத்தியால் வெட்டிக் கழிக்கிறவர். ஒரு மலையைக் கவ்வாத்துப் பண்ணினால் மறுபடி அந்த மலைக்குக் கத்தி வர மூன்று, நான்கு, ஐந்து வருடம் கூட ஆகும். முதல் வெட்டுக்கு முன் மலையோரத்து மரத்தடியில் ஒரு கல்லை நிறுத்தித் தண்ணீர் ஊற்றி மஞ்சள் பூசுவார்கள். அதுதான் கவ்வாத்துச் சாமி. தேங்காய், வெற்றிலை, சுருட்டு, கொஞ்சம் சாராயம், முடிந்தால் சேவல். கத்திகளை வரிசையாக அந்தக் கல்லின் முன் வைத்துத்தான் எடுப்பார்கள். கவ்வாத்துக் கத்தி எப்படிப்பட்டது என்று பார்த்திருப்பீர்கள், ஈரத்தில் வழுக்கினால் முழங்காலோடு போய்விடும். பெக்டரியில் ரோதை முனி. ரோதை என்றால் சக்கரம், போர்த்துக்கீசச் சொல்லில் இருந்து வந்தது. வெள்ளைக்காரன் கப்பலில் கொண்டுவந்து இறக்கிய இயந்திரத்துக்குள் நம்மவர்கள் ஒரு முனியைக் குடியேற்றிவிட்டார்கள்! ரோதையில் கை போகாமல் காக்க வேண்டியது அவர் பொறுப்பு.

இதைத்தான் ‘இயற்கை வழிபாடு’ என்று ஒரே வார்த்தையில் அடைக்க எனக்கு மனமில்லை. தமிழ்நாட்டு ஊரிலிருந்து பிடிமண்ணோடு வந்த முனியாண்டியும் மாடசாமியும் இருந்தார்கள்தான். ஆனால் கவ்வாத்துச் சாமிக்கு ஊரில் முன்னோர் கிடையாது. காட்டை வெட்டி, கோப்பி போட்டு, 1869க்குப் பிறகு கோப்பி நோயில் அழிந்து, அதே மண்ணில் தேயிலை வந்த பிறகு பிறந்த சாமி அவர். வயது 150க்குள்தான் இருக்க வேண்டும். பிறந்தது வேலையில், அதுவும் பயத்தில். உங்கள் சக்கரத்தில் எந்தக் கட்டத்தில் இவரை உட்கார வைப்பீர்கள்?

காமன் கூத்தைப் பொருத்தலாம் என்று உங்களுக்குத் தோன்றுவது புரிகிறது. நெருப்பு, காதல், வசந்தம், எல்லாம் பெல்டேன் மாதிரியே இருக்கிறது. எனக்கும் முதலில் அந்த ஆசை வந்தது. ஆனால் மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையில் கம்பம் ஊன்றி, பௌர்ணமி வரை இரவிரவாகத் தப்பு அடிக்க எங்கள் பக்கம் முடிந்ததற்குக் காரணம் வேறு. மழை இல்லாத, கொழுந்து குறைந்த மாதம் அது. விடிய விழித்தாலும் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் ஓரளவு நிற்கலாம். ரதி கெட்ட கனவு கண்டு போகாதே என்று தடுக்க, மன்மதன் கேளாமல் போய்ச் சிவனின் கண்ணில் எரிவார். பெல்டேனில் அழுகை இல்லை. இங்கே ஒப்பாரிதான் கூத்தின் உச்சம். ரதி வேசம் கட்டிய ஆம்பிளை அழ, சுற்றியிருக்கிற பெண்கள் எல்லாம் சேர்ந்து அழுவார்கள். யாரை நினைத்து அழுதார்கள் என்பது அவரவருக்குத்தான் தெரியும்.

மருந்துக்கு வருகிறேன், இதில் நான் கொஞ்சம் கறார். அம்மாயி கசாயம் வைத்தது அறிவாலும்தான், வேறு வழி இல்லாததாலும்தான். டிஸ்பென்சரிக்கு இறங்கிப் போனால் அன்றைக்குப் பேர் போடமாட்டார்கள், சம்பளம் இல்லை. என் தம்பிக்கு நெஞ்சில் சளி கட்டி நாலு நாள் கசாயத்தில் ஓடியது. ஐந்தாம் நாள் உதடு நீலம் பாரித்தபோது கம்பளியில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடினோம். பிழைத்தான், ஊசியால். அதனால் மூச்சு வாங்கினாலோ, காய்ச்சல் மூன்று நாள் தாண்டினாலோ கசாயச் சட்டியைக் கவிழ்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சாதாரணத் தடிமனுக்குக் கொத்தமல்லியும் இஞ்சியும் அவித்துக் குடியுங்கள், தொண்டைக்கு இதமாக இருக்கும். வல்லாரைச் சம்பல் சாப்பிடுங்கள், ஆனால் தேயிலை மலைக் கானில் (வாய்க்காலில்) பிடுங்கியதை அல்ல. அப்பாயி காலத்தில் சுரண்டியால் புல்லுச் சுரண்டினார்கள், வேண்டியதை ஒதுக்கி விடுவார்கள். பிறகு முதுகில் மருந்தடிக்கிற டாங்கி வந்தது. கிளைபோசேட் என்ற களைகொல்லியை 2015இல் தடை செய்து, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் திரும்ப விட்டார்கள். மருந்தடிக்கிற ஆளுக்கு வல்லாரையும் ஒன்றுதான், களையும் ஒன்றுதான். நம் பாட்டிமாரின் வைத்தியம் இங்கிலீசு மருந்தால் அழிந்தது என்று காணொளிகளில் கவலைப்படுகிறார்கள். எங்கள் லயத்துப் பின்பக்கம் அது அழிந்தது அந்த டாங்கியால்.

ஐரோப்பாவுக்கும் நமக்கும் உண்மையாகவே பொதுவான ஒரு செடி உண்டு, அருவதா. சதாப்பு என்றும் சொல்வார்கள். இத்தாலியில் கண்ணூறுக்கு அதன் கொப்பைப் போல வெள்ளியில் தாயத்துச் செய்து பிள்ளைகளுக்குக் கட்டினார்கள். அப்பாயி அதே செடியைத் தகர டின்னில் வளர்த்தார், பிள்ளை வீறிட்டு அழுதால் ஓர் இலையைத் தொட்டிலில் செருகுவார். செருகுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகளுக்கு அது ஆபத்து, சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்பளிக்கும்.

அம்மாயியின் இருமல் கசாயத்தைப் பற்றி ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். கடையில் விற்கும் சிங்களப் பஸ்பங்குவப் பொட்டலத்தில் ஐந்து சாமான் இருக்கும்: கொத்தமல்லி, வேர்க்கொம்பு (சுக்கு), மரமஞ்சள், கண்டங்கத்திரி, பற்படாகம். எங்கள் அப்பாயி முதல் நான்கையும் போடுவார். ஐந்தாவதுக்குப் பதிலாக கவ்வாத்தில் விழுந்த மிலாறு (விறகுக் குச்சி) பொறுக்கப் போகும்போது ஒரு இலையை மடியில் கட்டிக்கொண்டு வருவார், கசக்கினால் எலுமிச்சை வாசம் மாதிரி வரும், அதே வாசமுள்ள மானாப்புல் இல்லை. என்ன இலை என்று கேட்க எனக்குப் புத்தி வந்தபோது அவர் இல்லை, அந்த மலையிலும் புல் இல்லை. அடுத்த முறை ஊருக்குப் போனால் அம்மாயியின் காதுக்குக் கிட்டப் போய்ச் சத்தமாகக் கேளுங்கள், என்னென்ன போட்டார் என்று. ஐந்தாவதாக ஓர் இலையைச் சொன்னால் எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா