டெஸ்பாட்சா, டிஸ்பாட்சா?

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் ஒரு பலகையில் ‘டெஸ்பாட்ச்’, இன்னொன்றில் ‘டிஸ்பாட்ச்’. எது சரி? சொல்லுக்கு மூலம் என்ன?

பதில்: இரண்டும் சரி. மூத்தது ‘டி’. ‘டெ’ பரவியதற்குக் காரணம் சாமுவேல் ஜான்சனின் 1755 ஆங்கில அகராதி. அதில் தலைச்சொல் ‘டெ’ என்று அச்சாகிவிட்டது. மனிதர் தம் கையால் எழுதியதெல்லாம் ‘டி’தான்! பிரிட்டிஷ் நாடாளுமன்ற மேஜைமேல் இருக்கும் ‘டெஸ்பாட்ச் பெட்டி’க்கு இன்றும் ‘டெ’. நம் அரசு அலுவலகங்களும் விடவில்லை. மாற்றுவதென்றால் அரசாணை வேண்டாமா?

மூலம் இத்தாலிய ‘டிஸ்பச்சாரே’ அல்லது ஸ்பானிய ‘டெஸ்பச்சார்’. தடையை நீக்கிச் சட்டென்று முடிப்பது என்பது கரு. 16-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. அனுப்புவது, விரைவு, ஆளைத் தீர்த்துக்கட்டுவது மூன்றுக்கும் இதே சொல். நம் அலுவலகங்களில் பலகை முதல் அர்த்தத்தில், வேலை மூன்றாவது அர்த்தத்தில். இரண்டாவதைத்தான் காணோம்.

அலுவலகத்தில் கையெழுத்துக்குத் தயாரான கடிதத்தை, அதாவது தூய நகலைப் பாருங்கள். கோப்பைக் குறிக்கும் ந.க. எண் இருக்கும். ‘நாள்’ என்ற இடத்தில் மாதமும் வருடமும் தட்டச்சாகி, தேதி மட்டும் காலியாக இருக்கும். கையெழுத்தானதும் அந்தத் தேதியைப் போட்டு, இணைப்புகளை எண்ணி, அனுப்புகைப் பதிவேட்டில் பெறுநரையும் தபால்தலைக் கணக்கையும் எழுதி, உறையிட்டு அன்றே அனுப்ப வேண்டும். கெடுவது எங்கே? தேதியைப் போட்டுவிடுவார்கள். பிறகு தபால்தலை தீர்ந்துபோகும், அல்லது ‘சேர்த்து அனுப்பலாம்’ என்று கட்டு மேஜையிலேயே கிடக்கும். கடிதம் 3-ஆம் தேதி என்று சொல்லும். உறையின் அஞ்சல் முத்திரை 21 என்று சொல்லும். இணைப்பு சில சமயம் வரவே வராது.

அதனால் அரசுக் கடிதம் வந்தால் உறையைக் கிழித்து எறியாதீர்கள். ஓரத்தை மட்டும் கத்தரித்து, முத்திரை தெரியும்படி கடிதத்தோடு பின் அடித்து வையுங்கள். நகல் எடுக்கும்போது உறைக்கும் சேர்த்து எடுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வந்த பதில் திருப்தி இல்லையென்றால் முதல் மேல்முறையீட்டுக்கு 30 நாள். அது கடிதத்திலுள்ள தேதியிலிருந்து அல்ல, பதில் உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து. மேல்முறையீட்டு மனுவில் பலர் கடிதத் தேதியை மட்டும் எழுதி, தங்கள் நாட்களைத் தாங்களே தின்றுவிடுகிறார்கள். ‘கடித நாள் இது, கிடைத்த நாள் இது, உறை நகல் இணைப்பு’ என்று முதல் பத்தியிலேயே எழுதுங்கள்.

ஸ்பீட் போஸ்டில் வந்திருந்தால் உறைமேல் இரண்டு எழுத்து, ஒன்பது இலக்கம், கடைசியில் ‘ஐஎன்’ என்று ஓர் எண் இருக்கும். முத்திரை மை அப்பிக் கிடந்தாலும் கவலையில்லை. அந்த எண்ணை அஞ்சல் துறை இணையதளத்தில் போட்டு, பதிவான நாளையும் பட்டுவாடா நாளையும் உடனே அச்செடுத்து மனுவோடு இணையுங்கள்.